கும்மிடிப்பூண்டியில் நான் கண்டுபிடித்த ஆதிமனிதன்

இருபத்து மூன்று வயதில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரியாமல் போக ஆரம்பித்தது. (இப்போது பால் பாக்கெட்டை எந்த மூலையில் வெட்டுவது என்பதைக்கூட வீட்டில் கேட்டுத்தான் செய்கிறேன்.) அந்த வயதில் எனக்குத் தெரிந்திருந்தவற்றில் தலையாயது, ஒரு கல்லைக் கையில் எடுத்த மாத்திரத்தில் அது தானாக உடைந்ததா, ஆதிமனிதன் செதுக்கியதா என்று சொல்லிவிடும் வித்தை. அந்த வித்தையை வைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலைக் கட்டட வேலையை ஒன்பது நாள் நிறுத்தினேன். இந்தக் கதையை என் வீட்டார் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். அவர்கள் ஒட்டவைத்த கை கால்களை எல்லாம் கழற்றிவிட்டு, உள்ளபடி ஒருதரம் நானே எழுதிவிடுகிறேன்.

எங்கள் குடும்பம் திருவள்ளூரில் பெருமாள் கோயில் மடப்பள்ளிக் கைங்கரியம் செய்த குடும்பம். அப்பா புளியோதரை கலந்தால் நாலு தெரு தள்ளி மணக்கும். அவருக்குப் பிள்ளையாகப் பிறந்து, எனக்கு அடுப்பு வேண்டாம், அறிவுதான் வேண்டும் என்று சென்னைக்குப் போய் சரித்திரம் படித்தேன். மூன்றாம் வகுப்பில் தேறினேன். அது பரீட்சைத் தாள் திருத்தியவர்களின் குறை என்பது என் அபிப்பிராயம்.

படிக்கும்போது ஒருமுறை எங்கள் வகுப்பைப் பூண்டி ஏரிப் பக்கம் அழைத்துப் போனார்கள். கொசஸ்தலை ஆற்றங்கரையில் செம்மண்ணும் கூழாங்கல்லுமாகக் கிடந்த ஒரு மேட்டில் நின்று, வாத்தியார் ஒரு கல்லை எடுத்துக் காட்டினார். இது கைக்கோடாரி, பல்லாயிரம் வருஷத்துக்கு முன்னால் மனிதன் செய்தது என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டோம். மூன்று அடையாளம் சொன்னார். ஓங்கி அடித்துப் பெயர்த்த சில்லில், அடி விழுந்த இடத்துக்குக் கீழே ஒரு சிறு மேடு இருக்கும். அந்த மேட்டிலிருந்து அலை அலையாக வரி ஓடும். விளிம்பில் சின்னச் சின்னதாகக் கொத்தித் திருத்திய தடம் இருக்கும். இதற்கு மேலும் அவர் அரை மணி நேரம் பேசினார். எந்த மண் அடுக்கில் கிடைத்தது, கூட என்ன கிடந்தது என்பதெல்லாம் பார்க்காமல் வெறும் கல்லை வைத்து எதுவும் சொல்லக் கூடாது என்றார். நான் அதற்குள் நிழலுக்குப் போய்விட்டேன்.

ஆனால் நிழலில் இருந்தபடியே ஒன்று காதில் விழுந்தது. இந்தப் பக்கத்தில் கோடாரி நிறையக் கிடைக்கிறது. ஈட்டியிலும் அம்பிலும் கட்டி எறிகிற சிறிய கல் முனைகள் அவ்வளவாகக் கிடைப்பதில்லை, ஒரே இடத்தில் குவியலாகக் கிடைத்தால் பெரிய விஷயம் என்றார். அன்றே தீர்மானித்துவிட்டேன். கோடாரி பொறுக்கியவர்கள் எத்தனையோ பேர். அம்பு முனைக் குவியலைக் கண்டுபிடிக்கப்போகிறவன் நான் ஒருவன்தான்.

அந்தப் பெரிய காரியம் கைகூடும்வரை சாப்பிட வேண்டுமே. சாலை வேலையும் கட்டட வேலையும் எடுத்துச் செய்கிற ஒரு காண்டிராக்டரிடம் சைட் கிளார்க்காகச் சேர்ந்தேன். ஆந்திரா எல்லைப் பக்கத்துக்காரர். எல்லாரையும் ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவார். முதலில் இரண்டு வருஷம் சாலை வேலையில் போட்டார். பிறகு கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்ததும், அங்கே ஒரு கட்டடத்துக்குக் கடைக்கால் தோண்டுகிற வேலைக்கு மாற்றினார். காலையில் வந்த ஆட்களை எண்ணி நோட்டில் எழுத வேண்டும். ‘ஆணாள் இருபத்தாறு, பெண்ணாள் பதினான்கு’ என்று எழுதினால் முடிந்தது. மீதி நேரம் ஒரு குடையின் கீழே உட்கார்ந்து, மண் வெட்டுகிறவர்களை ஆதிமனிதன் பார்வையில் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவர்களும் என்னை ஒரு பார்வை பார்த்துத்தான் வைத்திருந்தார்கள். நான் ஐயங்கார் என்று பலமுறை சொல்லிப் பார்த்தும் எல்லாருக்கும் நான் ‘ஐரே’தான்.

புரட்டாசி கடைசி. மழை இறங்குவதற்குள் கடைக்கால் முடிந்து கல் கட்டு மேலே வந்துவிட வேண்டும் என்று காண்டிராக்டர் தினமும் வந்து கத்திவிட்டுப் போவார். தண்ணீர் நின்றுவிட்டால் குழி இடிந்து எல்லாம் பாழ். அப்படிப்பட்ட ஒரு நாளில், வடக்கு மூலையில் முழங்கால் ஆழத்துக்குக் கீழே, மண்வெட்டி கிணுங் என்று சத்தம் போட்டது. ஒரு கூடை மண்ணோடு முக்கோணம் முக்கோணமாகக் கல் சில்லுகள் வந்து விழுந்தன.

ஒன்றை எடுத்துத் துடைத்தேன். கூர்மையான முனை. அடியில் மேடு. மேட்டிலிருந்து அலை. விளிம்பில் தடம். அடுத்ததை எடுத்தேன், அதுவும் அப்படியே. குழிக்குள் இறங்கிக் கையாலேயே தோண்டினேன். நூற்றுக்கணக்கில் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பல சில்லுகளின் ஒரு பக்கத்தில் வெள்ளையாக ஒரு பூச்சு படிந்திருந்தது. மண்ணுக்குள் பல ஆயிரம் வருஷம் கிடந்தால் கல்லின் மேல் சுண்ணச்சத்து இறுகிப் படியும் என்று எங்கேயோ படித்திருந்தேன். மூன்று அடையாளமே போதும் என்றிருந்த எனக்கு நாலாவதும் வலிய வந்து சேர்ந்தது.

அந்த மூலையில் வேலையை நிறுத்தச் சொல்லி, தார்ப்பாய் போட்டு மூடினேன். யாரையும் கிட்டே விடவில்லை. காண்டிராக்டரிடம், அந்த மூலையைக் கடைசியில் வெட்டலாம் என்று சொல்லிவைத்தேன். நல்ல முனைகளாக அறுபதைப் பொறுக்கி, டிரங்குப் பெட்டியில் பஞ்சு வைத்து அடுக்கிப் பூட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு திருவள்ளூர் போனேன். அப்பா ஒரு சில்லை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். வெள்ளைப் பூச்சை நகத்தால் சுரண்டினார்.

“ஏண்டா, இது சுண்ணாம்புன்னா?” என்றார்.

நான் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சிரிப்புக்காக என்னை நாலு அறை அறையலாம் போலிருக்கிறது. அது சுண்ணாம்பு இல்லை, ஐம்பதினாயிரம் வருஷத்துக் காலம் அப்படி உறைந்து நிற்கிறது என்று விளக்கினேன். அவர் முப்பது வருஷமாக வெற்றிலை போடுகிறவர், சுண்ணாம்பு எது என்று அவருக்குத் தெரியாதா என்ற யோசனை எனக்கு வரவில்லை. அப்பா கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கை அலம்பப் போனார்.

மறுநாள் சென்னையில் தொல்பொருள் துறை அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினேன். ஆறு பக்கம், இங்கிலீஷில், டைப் அடித்து. கும்மிடிப்பூண்டியில் ஆதிமனிதர்கள் ஓர் ஆயுதத் தொழிற்சாலையே நடத்தியிருக்கிறார்கள், உலகத்தில் முதல் தொழிற்பேட்டை இதுதான், இதன் மேல் கட்டடம் எழும்பினால் மனித குலம் மன்னிக்காது என்றெல்லாம் எழுதியிருந்தேன். பிரதிகளை நாலு அதிகாரிகளுக்கு அனுப்பினேன். (அலுவலகங்களில் எந்த மனுவும் அசையாது என்று சொல்கிறவர்களை அதற்குப் பிறகு நான் நம்புவதில்லை.) ஐந்தாவது நாள் ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். நிபுணர் ஒருவர் வந்து பார்வையிடும்வரை எங்கேயும் மண்ணைத் தொடக் கூடாது என்று காகிதம் கொடுத்து, மனையைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டுப் போனார்.

மனு யார் கைவரிசை என்று காண்டிராக்டருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“நைனா, ஒனக்கு நான் இன்னா கெடுதல் பண்ணேன்?” என்று மட்டும் கேட்டார்.

மனித குல வரலாறு என்று ஆரம்பித்தேன். அவர் மேலே மேகத்தைப் பார்த்தார். மழை வந்து குழி இடிந்தால் வேலை கையை விட்டுப் போய்விடும், கல் நிஜமாகவே பழையது என்றாலும் போய்விடும், என் ஆதிமனிதன் பொய்யாக இருந்தால் மட்டும்தான் இந்த நாற்பது பேருக்கும் எனக்கும் வேலை இருக்கும் என்று விளக்கிவிட்டுப் போனார். அந்த மூன்றாவதற்கு வாய்ப்பே இல்லை என்று நான் நிம்மதியாக இருந்தேன். என் சொந்த வேலையும் அதில் போகிறதே என்பது உறைக்கவில்லை. நாளைக்கே என்னை சென்னைக்கு அழைத்துக் கண்காட்சிப் பொறுப்பில் உட்காரவைக்கப் போகிறார்கள் என்ற கனவில் இருந்தேன்.

ஆட்கள் தினமும் காலையில் வந்தார்கள். கயிற்றைப் பார்த்தார்கள். இன்றைக்காவது அவிழ்ப்பார்களா என்று மத்தியானம்வரை பனைமரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார்கள். பாதிப் பேர் எளாவூர்ப் பக்கத்திலிருந்து நடந்தே வருகிறவர்கள். கயிறு கட்டிய நாலாவது நாள், அவர்களில் நடுவயதுப் பெண் ஒருத்தி என் குடைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“இன்னா ஐரே, எத்தினி நாளைக்கு இந்தக் கயிறு?”

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஆதிமனிதனைப் பற்றிச் சொன்னேன். அவன் எப்படிக் கல்லைத் தேர்ந்தெடுப்பான், எந்தக் கோணத்தில் அடிப்பான், ஒரு முனையைச் செய்ய எத்தனை பொறுமை வேண்டும், அந்தக் கைகளை நினைத்தாலே எனக்கு எப்படி மெய் சிலிர்க்கிறது என்று. அவள் கடைசிவரை கேட்டாள்.

“அவன் செத்து எம்மா நாளு ஆச்சோ. எங்கூட்ல அடுப்பு எரியல, அதுக்கு இன்னா சொல்ற?” என்றாள்.

அறியாமை என்று நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டதாக ஞாபகம். அவளுடைய அறியாமையைத்தான்.

ஒன்பதாவது நாள் காலை நிபுணர் வந்தார். ஒல்லியான மனிதர், தோளில் ஒரு துணிப்பை, கையில் குடை. ரயிலடியிலிருந்து நடந்தே வந்திருந்தார். நான் இஸ்திரி போட்ட சட்டையில், மேஜை மேல் வெள்ளைத் துணி விரித்து, அறுபது முனைகளையும் வரிசையாக வைத்திருந்தேன். பெரியவை ஈட்டிக்கு, நடுத்தரம் அம்புக்கு, சிறியவை பறவைக்கு என்று சீட்டு எழுதி ஒட்டியிருந்தேன். காண்டிராக்டர் ஒரு பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆட்கள் கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். முக்கால் மணி நேரம் பேசினேன்.

நிபுணர் கேட்டுக்கொண்டே ஒரு சில்லைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

“விளிம்பு ரொம்பப் புதுசா இருக்கே தம்பி” என்றார்.

மண் அவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்றேன்.

“இந்த வெள்ளை?”

அந்தக் கேள்விக்காகத்தானே ஒன்பது நாள் காத்திருந்தேன். ஐம்பதினாயிரம் வருஷம் என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்துவிட்டாள். தன் வேலையை நிறுத்தியது எது என்று ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று வந்தவள். நான் தடுப்பதற்குள் ஈட்டி வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டாள்.

“இது ஜல்லிப்பா,” என்றாள். “நாங்க ஒடச்ச ஜல்லி.”

எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் முதலில் சிரித்தேன். நிபுணர் மட்டும் சிரிக்கவில்லை. எப்படிச் சொல்கிறாய் அம்மா என்று கேட்டார். அவள் போய், ஒரு கூழாங்கல்லும் சுத்தியலும் எடுத்து வந்து குந்தினாள். கல் நழுவாமல் இருக்க ஒரு டயர் வளையத்துக்குள் அதை வைத்தாள். கொஞ்சம் சாய்த்துப் பிடித்து ஒரே தட்டு. சில்லு ஒன்று தெறித்து என் செருப்பருகே விழுந்தது. முக்கோணம். கூர்முனை. அடியில் மேடு, மேட்டிலிருந்து அலை. இன்னும் நாலு தட்டு தட்டினாள். என் அறுபதோடு கலந்து வைத்திருந்தால் நானே பிரித்தறிந்திருக்க மாட்டேன்.

சுத்தியலால் ஓங்கி அடித்தால் யார் அடித்தாலும் மேடும் அலையும் வரும் என்றும், விளிம்புத் தடம் ஜல்லியைக் கொட்டி வாரும்போது ஒன்றோடொன்று இடித்து வந்தது என்றும் நிபுணர் எனக்கு மெதுவாகச் சொன்னார். ஆனாலும் நான் விடவில்லை. அப்படியானால் இந்த வெள்ளைப் பூச்சுக்கு என்ன பதில் என்று கேட்டேன். நிபுணரைத்தான் கேட்டேன். பதில் அந்தப் பெண்ணிடமிருந்து வந்தது.

“இன்னா ஐரே, தெரியாத மாரி கேக்குற. சுண்ணாம்பு தெளிச்சது நீதான?”

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். இதுவரை சொல்லாமல் இருந்ததற்கு வெட்கத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. சாலை வேலையில் ஜல்லியை ஓரத்தில் குவித்து அளப்பார்கள். ஒரே குவியலை இரண்டு தடவை அளந்துவிடக் கூடாது என்பதற்காக, அளந்து முடிந்த குவியலின் மேல் சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்து அடையாளம் வைப்பார்கள். தெளிப்பது சைட் கிளார்க்கின் வேலை. இரண்டு வருஷம் தினமும் ஒரு டப்பாவில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு, குவியல் குவியலாகத் தெளித்துக்கொண்டு போனவன் நான்.

அவள் இடத்தையும் சொன்னாள். இதே மனை அப்போது சாலையோரப் பள்ளமாக இருந்தது. ஜல்லி இங்கேதான் உடைத்துக் குவித்தார்கள். நல்லதை வாரிக்கொண்டு போனபின் சரிந்து சிந்திக் கிடந்த பொடிசை அப்படியே விட்டு, பிறகு மேலே மண் கொட்டி நிரவினார்கள்.

“அன்னிக்கு எம் பொடவ மேலயும் தெளிச்சிக்கினே போன. ஏன்னு கேட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல” என்றாள்.

எனக்கு அந்தப் பள்ளம் ஞாபகம் வரவில்லை. அந்தப் புடவையும் வரவில்லை. ஐம்பதினாயிரம் வருஷத்துக்கு முந்தியதெல்லாம் நன்றாகத் தெரிந்திருந்தது.

காண்டிராக்டர் போய்த் தன் கையாலேயே கயிற்றை அவிழ்த்தார். கதை இதோடு முடிந்திருந்தால் நான் ஒரு முட்டாள் என்ற அளவில் நின்றிருக்கும். நிபுணர் தன் துணிப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே பழுப்பேறிய ஒரு சிறு கல் முனை. பூண்டிப் பக்கத்தில் கிடைத்தது, சந்தேகமில்லாமல் பழையது என்றார். அதை என்னிடம் தரவில்லை. அவள் கையில் வைத்து, இதைப் பார்த்தால் உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டார்.

அவள் அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலால் விளிம்பைத் தடவினாள்.

“இது ஜல்லிக்கு ஒடச்சது இல்ல சார். ஜல்லின்னா இத்தினி பொறுமையாத் தட்ட மாட்டாங்க. ஓரத்துல கொஞ்சம் கொஞ்சமா எடுத்துருக்குது பாரு. இங்க ஒரு அடி தப்பிப்போச்சு. அதான் கல்லத் திருப்பிப் புடிச்சி அந்தாண்ட பக்கம் தட்டிருக்குது.” முனையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, “நல்ல கைதான். கை வலிச்சிருக்கும்” என்றாள்.

நிபுணர் நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு என் பக்கம் திரும்பி, இந்த அம்மா பெயர் என்ன என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. சாலை வேலை நாளிலிருந்தே அவளை எண்ணியிருக்கிறேன். அவள் எனக்குப் பெண்ணாள் பதினான்கில் ஒன்று. என்றோ செத்துப்போன ஒருவனுடைய கையை நினைத்து மெய் சிலிர்த்த எனக்கு, கண்ணெதிரே கல் உடைத்த கை யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த வெயிலில் நான் பட்ட வெட்கத்தில், கல் பொய்யானதற்குப் பட்டது கால் பங்குகூட இராது. மீதியெல்லாம் இதற்குத்தான்.

“கன்னியம்மா” என்று அவளே சொன்னாள்.

காண்டிராக்டர் என்னை வேலையை விட்டு அனுப்பியிருக்கலாம். அந்த முடிவை ஆட்களிடமே விட்டதுதான் அவர் கொடுத்த பெரிய தண்டனை. ஒன்பது நாள் சும்மா உட்கார வைத்தவன், ஒரு கூடை ஜல்லி உடைத்துக் கொடுத்தால் இருக்கட்டும் என்றார்கள் பெண்ணாட்கள். மறுநாள் காலை டயர் வளையத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். முதல் அடி கல்லில் விழவில்லை. இரண்டாவது விரலில் விழுந்தது. சாயங்காலம்வரை தட்டியும் அரைக் கூடை தேறவில்லை. நான் உடைத்ததில் மேடு இல்லை, அலை இல்லை, முனையும் இல்லை. ஆதிமனிதக் கூட்டத்தில் பிறந்திருந்தால் என்னைப் பட்டினி போட்டே கொன்றிருப்பார்கள். மீதி அரைக் கூடையைக் கன்னியம்மா ஐந்து நிமிஷத்தில் உடைத்துப் போட்டாள். இரக்கத்தால் இல்லை, பார்க்கச் சகிக்கவில்லை என்றாள்.

கடைக்கால் மழைக்கு இரண்டு நாள் முன்னால் முடிந்தது. தை பிறந்ததும் நிபுணரிடமிருந்து ஒரு கடிதம் என் பெயருக்கு வந்தது. மேலே விலாசம்தான் என்னுடையது. உள்ளே விஷயம் கன்னியம்மாவுக்கு. பூண்டியில் மாணவர்கள் முகாம் போடுகிறார்கள், கல் எப்படி உடையும் என்று அவர்களுக்குச் செய்து காட்ட வர முடியுமா, உரிய கூலியும் பஸ் செலவும் உண்டு என்று எழுதியிருந்தார். அதை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். போனாள். அடுத்த வருஷமும் போனாள். என்னை யாரும் கூப்பிடவில்லை.

திருவள்ளூரில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “சுண்ணாம்பு தெளிச்சது யாருன்னு முதல்லயே பாத்திருக்கலாமோன்னோ” என்றார், அவ்வளவுதான். அந்த ஒரு வரியை அம்மா பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்த என் மனைவி அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டாள். நான் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து உள்ளே தேனாக இருக்கும் என்றால், ஓட்டல் சாம்பாரை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு சமையற்காரன் எந்த ஊர் என்று சொன்னால், சமையலறையிலிருந்து அந்தக் கேள்வி வந்துவிடும்.

போன மாதம் பேத்திக்கு ஒரு வரன் வந்தது. பையனின் போட்டோவைக் கையில் வாங்கி, நெற்றியைப் பார்த்தாலே தெரிகிறது, தங்கமான குடும்பம் என்று ஆரம்பித்தேன். பேத்தி போட்டோவை என் கையிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டாள்.

“தாத்தா, சுண்ணாம்பு தெளிச்சது யாரு?” என்றாள்.

ஐம்பது வருஷமாக அதற்கு ஒரே பதில்தான். நான்தான் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.